ஆஸ்பத்திரி இருக்கும்போது நர்ஸ் ஏன் வீட்டுக்கு வர வேண்டும்?

கேள்வி இது: "அண்ணி கிணத்துக்கடவிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வேலந்தாவளம் பக்கம் தாய்வீட்டுக்கு வந்து, குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. ஆஷாவும் (ஊர் சுகாதாரத் தன்னார்வலர்) நர்ஸும் மாறி மாறி வீட்டுக்கு வந்து எடை பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், அடுப்படி வரை எட்டிப் பார்க்கிறார்கள். அண்ணிக்குச் சங்கடமாக இருக்கிறது. இதில் உண்மையில் பயன் உண்டா, இல்லை ரெஜிஸ்டர் நிரப்பும் வேலையா?"

இரண்டும்தான். ரெஜிஸ்டர் நிரப்பும் வேலையும் இதில் இருக்கிறது, மறைப்பானேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசும் கிழக்குப் பஞ்சாயத்துகளில் 24 வருடம் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். அந்த நீளமான பதவிப் பெயரில் என்னை ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. நர்சம்மா, அவ்வளவுதான். வீடு வீடாகப் போவதை நாங்கள் 'ஃபீல்டுக்குப் போவது' என்போம்.

அடுப்படியை ஏன் எட்டிப் பார்க்கிறோம் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு. அதன் மூலையில் காவலுக்கு இருக்கும் குடும்பத்தின் ஒற்றை அறை ஓட்டு வீடு. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், வயது இருபது. குழந்தை பிறந்தபோது 2.6 கிலோ. பதினாலாம் நாள் துணித் தூளியில் போட்டுத் தராசைத் தூக்கினால் முள் 2.35இல் நிற்கிறது. பிறந்த முதல் வாரம் குழந்தை கொஞ்சம் இளைப்பது வழக்கம்தான். ஆனால் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இது திரும்பவில்லை. காய்ச்சல் இல்லை, நெஞ்சு உள்வாங்கவில்லை, வாய் வைத்துக் குடிக்கவும் செய்கிறது. "பால் பத்தலீங்க நர்சம்மா, டப்பாப் பால் வாங்கிரலாமுங்களா?" என்று அம்மிச்சி, அதாவது குழந்தையின் பாட்டி, கேட்டார்.

உதடு காய்ந்துபோய் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், எனக்குக் கோபம் அம்மிச்சி மேல்தான் வந்தது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் ஜன்னி வரும் என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. ஆஸ்பத்திரியிலும் "நிறையத் தண்ணி குடிக்கணும்" என்று இவளிடம் இரண்டு முறை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். திட்ட வாயெடுத்தேன். "நான் குடி குடின்னுதானுங்க சொல்றேன், அவதான் மாட்டேங்கறா" என்றார் அம்மிச்சி.

சரி, கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் போனேன். அங்கேதான் விஷயம் இருந்தது. கக்கூசுக்குக் குழி தோண்டி, சுவர் பாதி எழுப்பி, நின்று போயிருக்கிறது. கதவு இல்லை. லாரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை. (எங்கள் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். கேரளம் என்றதும் எல்லோரும் நினைக்கிற பச்சை இங்கே கிடையாது.) பகலில் தோப்பில் தேங்காய் ஏற்றும் ஆட்கள் நடமாட்டம். ஆகவே இருட்டினால்தான் வெளியே போக முடியும். தையல் போட்ட உடம்பு. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சாயந்திரம் வரை தாங்கலாம் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருக்கிறாள். பால் கொடுத்தால் தாகம் எடுக்கிறது, அதனால் பால் கொடுப்பதையே தள்ளிப் போட்டிருக்கிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எந்த டாக்டரிடம் சொல்வாள்?

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தோப்புக்காரர் வீட்டம்மாவிடம் பேசி, பகலில் அவர்கள் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கினோம். பாதிச் சுவருக்குப் பழைய புடவையை ஆணியடித்து மறைப்பாகக் கட்டினார் அம்மிச்சி. அப்பா டிவிஎஸ் 50இல் தினமும் இரண்டு குடம் கூடுதலாகக் கொண்டுவந்தார். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், ராத்திரியிலும் எழுப்பிக் கொடுப்பது, இவ்வளவுதான் நான் சொன்ன மருத்துவம். நடுவில் இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தேன். இருபத்தோராம் நாள் எடை 2.55. டப்பாப் பால் வாங்கவில்லை.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தால் மூன்றாவது தடவையாக "தண்ணி குடி" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். புத்திமதி எல்லோருக்கும் தெரியும். அது அந்த வீட்டில் ஏன் நடக்கவில்லை என்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

வெளிநாட்டிலும் இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்து எல்மைரா என்ற சிறு ஊரில் தொடங்கினார். முதல் குழந்தை பெறப்போகும் 400 பெண்கள், பெரும்பாலும் ஏழைகள், மணமாகாதவர்கள் அல்லது பதின்வயதினர். ஒரு பகுதியினருக்கு மட்டும் கர்ப்பத்தில் ஆரம்பித்துக் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை நர்ஸ் வீட்டுக்குப் போனார். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளில் குழந்தைகளை அடிப்பது, கவனிக்காமல் விடுவது பற்றிப் பதிவான புகார்கள் மற்ற வீடுகளைவிடப் பாதியளவுதான். பிறகு மெம்ஃபிஸ், டென்வர் நகரங்களிலும் செய்தார்கள். டென்வரில் ஒரு பிரிவுக்கு நர்ஸ்களையும் இன்னொரு பிரிவுக்கு நர்ஸ் படிப்பில்லாத பயிற்சி பெற்ற பெண்களையும் அனுப்பிப் பார்த்ததில், நர்ஸ்கள் போன வீடுகளில்தான் பலன் அதிகம் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு என்னைப் போன்றவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி குறுக்கே வருகிறது. அங்கே அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி, அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாவது வருடத்தில் 62 சதவீதம் குறைந்திருந்தது. இன்று உங்கள் அண்ணி வீட்டு வாசலில் தராசோடு ஆஷா வந்து நிற்பதற்கு அதுதான் மூலம். 2011இல் நாடு முழுக்க வந்த திட்டம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், வீட்டில் பிறந்தால் முதல் நாளும் சேரும். 2018 முதல் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களும் சேர்ந்தன.

எல்லா இடத்திலும் பலித்தது என்றும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் இதே ஓல்ட்ஸ் முறையைப் பதின்வயதுத் தாய்மார் சுமார் 1,600 பேரை வைத்துப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் பிறப்பு எடை, தாயின் புகைப்பழக்கம் போன்ற முக்கியமான விஷயங்களில் வித்தியாசமே தெரியவில்லை. அங்கே சாதாரணமாகவே மருத்துவச்சியும் ஹெல்த் விசிட்டரும் வீட்டுக்கு வருகிறார்கள். இருக்கிற சாப்பாட்டின் மேல் இன்னொரு கரண்டி வைத்த மாதிரி. யாருமே எட்டிப் பார்க்காத வீட்டுக்குப் போவதும், நாலு பேர் வந்துபோகும் வீட்டுக்கு ஐந்தாவதாகப் போவதும் ஒன்றல்ல.

"கேரளத்தில்தான் எல்லாம் நன்றாக இருக்கிறதே" என்பீர்கள். 2023 கணக்குப்படி இங்கே ஆயிரம் பிறப்புக்கு ஐந்து குழந்தைகள்தான் ஒரு வயதுக்குள் இறக்கின்றன. தேசிய அளவில் 25. ஆனால் இதே பாலக்காடு மாவட்டத்தில்தான் அட்டப்பாடியும் இருக்கிறது. 2013இல் அங்கே பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. சராசரி எண் நன்றாக இருக்கும் ஊரில் விட்டுப்போன வீடுகளைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

எங்கள் பக்கத்தில் விட்டுப்போவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. எல்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தது கிணத்துக்கடவில், தாய்வீடு வேலந்தாவளத்தில். கர்ப்பத்தைப் பதிவதும் பன்னிரண்டு இலக்க எண் வாங்குவதும் தமிழ்நாட்டில். அந்த எண் இல்லாவிட்டால் அங்கே பிறப்புச் சான்றிதழ் இழுத்தடிக்கும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்து 18,000 ரூபாய் உதவியும் வராது. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் இங்கே வந்துவிடுவாள். பிரசவம் மறுபடி அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில். குழந்தையோடு மூன்றாவது நாளோ ஐந்தாவது நாளோ திரும்ப இங்கே, மூன்று மாசமோ ஐந்து மாசமோ இருப்பாள். ஆக, ஆபத்தான அந்த 42 நாளும் அவள் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில். அந்தப் பக்கத்து கிராம சுகாதார செவிலியர் "தாய்வீட்டுக்குப் போயாச்சு" என்று எழுதுவார். இந்தப் பக்கம் "நம்ம கேஸ் இல்லை" என்போம்.

என்போம் என்றால், நானே சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டு வாசல் வழியாக வாரத்தில் மூன்று நாள் போவேன். உள்ளே கைக்குழந்தை அழும் சத்தம் கேட்கும். என் பட்டியலில் இல்லாத குழந்தை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கார்டு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சைக்கிளை மிதித்துவிடுவேன். ஒரு நாள் அழுகை கேட்கவில்லை. அது நல்லதில்லையே என்று பத்து வீடு தாண்டியபிறகு உறைத்துத் திரும்பி வந்தேன். உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறி, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தது குழந்தை. காலையில் வெயில் காட்டினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்களாம். ஜீப் பிடித்து அனுப்பினோம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தது, இப்போது ஹைஸ்கூல் போகிறது. அதற்குப் பிறகு என் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில் 'வந்தவர்கள்' என்று தனியாக ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மேலிடம் கேட்காத கணக்கு அது, காசும் இல்லை.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஆறு விசிட்டும் முடித்தால் ஆஷாவுக்கு 250 ரூபாய். 2025இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்து வாசலில் அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியபோது மாத மதிப்பூதியம் 7,000. அந்த ஊதியத்தில் ஒருத்தி பட்டியலில் இல்லாத வீட்டுக்கும் போவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? எங்களில் பலர் போனார்கள், அது வேறு.

உங்கள் அண்ணியின் சங்கடத்துக்கு வருகிறேன். அது நியாயமான சங்கடம்தான். சில பேர் வாசலிலிருந்தே சத்தமாக "மார்ல பால் வருதா?" என்று கேட்பார்கள், மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அப்படி யாராவது கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள், தப்பே இல்லை. அடுப்படியை அவர்கள் பார்ப்பது குறை கண்டுபிடிக்க அல்ல. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபிறகு அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் எல்லா வீட்டிலும் "கொடுக்கறமுங்க" என்பார்கள். அடுப்படியில் போய்ப் பார்த்தால் வீடு மொத்தத்துக்கும் அதில் தோசை வார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தை பங்குக்குக் காலணா அளவு ஓரம். பசி இருக்கிற வீட்டில் அதையும் தப்பு என்று எப்படிச் சொல்வது, அது இன்னொரு நாள் எழுத வேண்டிய கதை.

அண்ணியிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் கார்டை இங்கே வருகிற நர்ஸிடம் காட்டி, இங்கே பார்த்த எடையையும் போட்ட ஊசியையும் அதிலேயே எழுதச் சொல்லட்டும். கிணத்துக்கடவுக்குத் திரும்பும்போது அங்கே இருக்கும் நர்ஸ் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. அப்புறம், முடிந்தால் இரண்டு நர்ஸுகளின் நம்பரையும் ஒருவருக்கொருவர் கொடுத்துவிடட்டும். நான் வேலையில் இருந்தபோது அந்தப் பக்கத்து நர்ஸ் ஒருத்தரோடு எட்டு வருடம் போனிலேயே வேலை பார்த்தேன். நேரில் பார்த்தது என் ஓய்வு விழாவில்தான், குரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன்.