கமான் பட்டை பிராக்கெட்டில் விரிசல்: பிளேட் வைத்து அடித்தால் போதுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது முப்பது வருடப் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். பின்பக்கம், இடதுபுறக் கமான் பட்டையின் முன்முனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் விரிசல் விழுந்திருக்கிறது. இரண்டு ரிவெட்டுகள் ஆடுகின்றன. மேடு பள்ளத்தில் பிரேக் போட்டால் 'டக்' என்று சத்தம் வருகிறது. மேலே ஒரு பிளேட்டை வைத்து வெல்டு அடித்தால் போதும் என்கிறார் வெல்டர். போதுமா? இதை நானே செய்யலாமா?

பதில்: போதாது. விரிசலோடு இருக்கும் பிராக்கெட்டின் மேல் பிளேட் வைத்து அடித்தால், அடுத்த விரிசல் அந்த பிளேட்டின் ஓரத்திலிருந்து கிளம்பும். அப்போது அது சேஸிஸுக்குள் ஓடும். பிராக்கெட்டை வாங்கி மாற்றிவிடலாம், சேஸிஸை அப்படி மாற்ற முடியாது. அதனால் வெல்டிங் மெஷினைத் தொடும் முன், பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சேஸிஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பின் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது கமான் பட்டை மட்டுமே. பட்டையின் பின்முனை ஷேக்கிள் என்ற தொங்கும் இணைப்பில் ஊசலாடும். முன்முனை நகராமல் 'பின்' (pin) எனப்படும் தடித்த இரும்புத் தண்டில் நிற்கும். ஆகவே சக்கரம் வண்டியைத் தள்ளும் விசை, பிரேக் போடும்போது வரும் இழுப்பு இரண்டும் முன்முனை பிராக்கெட் வழியாகவே சேஸிஸுக்குப் போகின்றன. ஷேக்கிள் பக்கம் வாங்குவது எடையையும் பக்கவாட்டு உதையையும்தான். பிரேக்கில் உங்களுக்குக் கேட்கும் அந்த 'டக்', ஆக்சிலின் இடது பக்கமே முன்னும் பின்னும் நகர்வதால் வருவதாக இருக்கலாம். சரிசெய்யும் வரை வண்டியைப் பாரத்தோடு ஓட்டாதீர்கள். மலைப்பாதைப் பக்கமே போகாதீர்கள்.

ரிவெட் தளர்வதற்கு அடி மட்டும் காரணமல்ல. பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே சேறும் ஈரமும் புகுந்து நிற்கும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும். அந்தத் துரு அடுக்கடுக்காக வளர்ந்து பிராக்கெட்டைச் சேஸிஸிலிருந்து நெம்பித் தள்ளும், ரிவெட் இழுபடும். ரிவெட் தலையைச் சுற்றி செம்பழுப்பில் மெல்லிய தூள் வளையமாகப் படிந்திருந்தால், அந்த ரிவெட் உள்ளே உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிவெட்டின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான ரிவெட் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும், விரலிலும் அதிர்வு தெரியும்.

பிறகு பிராக்கெட்டைச் சுற்றி ஒரு முழ தூரத்துக்கு வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) ஸ்ப்ரே அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும். துருப்பிடித்த இடங்களைக் கூர்மையான ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே உலோகம் இல்லை, அந்தப் பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சேஸிஸ் சட்டத்தை வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் படுக்க வைத்த 'ப' போல இருக்கும்: நிமிர்ந்த நடுச்சுவர், மேலும் கீழும் மடிப்பு. வளையும் சுமை அதிகமாக விழுவது மடிப்புகளில். விரிசல் நடுச்சுவரோடு நின்றிருந்தால் சரிசெய்யலாம். மடிப்புக்குள் ஏறியிருந்தால் அது சேஸிஸ் வேலை மட்டுமே செய்யும் பட்டறைக்கான விஷயம். வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள். சில கனரக டிரக்குகளின் சேஸிஸ் வெப்பப் பதப்படுத்திய எஃகு. அதில் வெல்டு அடித்தால் சூடு பட்ட இடம் பலவீனமாகிவிடும், போல்ட் போட்டு மட்டுமே பழுது பார்க்க வேண்டும். சேஸிஸில் எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கிறதா, வண்டியின் ரிப்பேர் மேனுவல் என்ன சொல்கிறது, உங்கள் ஊர் வாகனச் சோதனை விதி சேஸிஸ் வெல்டிங்கை அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கழற்றும் முன் அளவெடுங்கள்

பலர் தவறவிடும் கட்டம் இது. பழைய பிராக்கெட்டை வெட்டி எறிந்த பிறகு அந்தப் பின் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சேதமில்லாத வலது பக்கத்தில், சேஸிஸின் ஏதாவது ஒரு ஒரிஜினல் துளையிலிருந்து பின்னின் மையம் வரை நீளவாக்கிலும், மேல் மடிப்பிலிருந்து மையம் வரை உயரவாக்கிலும் அளந்து எழுதுங்கள். இடது பக்கமும் அதே அளவு. பிறகு சேஸிஸின் இரண்டு முன்துளைகளிலிருந்து எதிரெதிர்ப் பின்களுக்குக் குறுக்கு அளவு எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் அடங்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கென்று கணக்குப் போட்டால் புரியும். இரு பட்டைகளுக்கும் இடையே 1000 மி.மீ. தூரம், ஒரு பக்கம் 5 மி.மீ. பின்னே தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2500 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டியில், பின் ஆக்சில் நோக்கும் திசை முன் ஆக்சிலின் நடுவை விட்டு 12.5 மி.மீ. விலகிப் போகும். ஸ்டீயரிங்கை எப்போதும் கொஞ்சம் திருப்பிப் பிடித்தபடிதான் ஓட்ட வேண்டியிருக்கும். டயரும் தேயும்.

கழற்றுதல்

சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேஸிஸுக்குக் கீழே ஜாக் ஸ்டாண்ட் கொடுங்கள். ஆக்சிலுக்குத் தனியாக இன்னொரு ஜாக்கி வேண்டும். பட்டையில் விசை இருக்கும்போது பின்னைத் தட்டினால் பட்டை எகிறும், விரல் போகும். ஆக்சில் ஜாக்கியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பட்டை மேலேயும் தள்ளாமல் கீழேயும் இழுக்காமல் நிற்கும் ஒரு நிலை வரும். பின்னைக் கழற்றுவது அந்த நிலையில்தான். பிரேக் ஹோஸில் ஆக்சிலின் எடை தொங்கக்கூடாது.

பின் பெரும்பாலும் வராது. புஷ் எனும் ரப்பர் உறையின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இரண்டு நாள் முன்பே பெனட்ரேட்டிங் ஆயில் ஊற்றி வையுங்கள். அப்படியும் அசையவில்லையென்றால், பிராக்கெட்டுக்கும் பட்டைக் கண்ணுக்கும் (முனையிலுள்ள வளையம்) நடுவே உள்ள இடைவெளியில் ரம்ப பிளேடை விட்டு இரு பக்கமும் பின்னை அறுத்துவிடுவதுதான் வேகமான வழி. கேஸ் டார்ச்சைக் காட்டினால் ரப்பர் எரிந்து நச்சுப்புகை வரும். பட்டைக் கண்ணின் பதமும் கெடும். புதிய பின், புதிய புஷ் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள்.

ரிவெட்டை எடுக்க, தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, தண்டைவிடச் சிறிய டிரில் பிட்டால் ஆழமாகத் துளையிடுங்கள். பிறகு கிரைண்டரால் தலையைச் சீவி, பஞ்ச் வைத்து வெளியே அடியுங்கள். கிரைண்டர் டிஸ்க் சேஸிஸைக் கீறக்கூடாது. அந்தக் கீறலே நாளைக்கு விரிசல் தொடங்கும் இடமாகும்.

சேஸிஸில் விரிசல் இருந்தால்

விரிசல் முடியும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே 4 மி.மீ. துளை போடுங்கள், கூர்முனை மழுங்கினால் விரிசல் மேலே ஓடாது. விரிசலை 'வி' வடிவில் தோண்டி, முழு ஆழத்துக்கு வெல்டு நிரப்பி, மேற்பரப்போடு சமமாகச் சீவுங்கள். அதன்மேல் வலுவூட்டும் பிளேட். சேஸிஸ் 4 மி.மீ. தடிமன் என்றால் பிளேட்டும் 4 மி.மீ. போதும். கனமாகப் போட்டால் உறுதி கூடும் என்று நினைப்பது தவறு. விறைப்பான இடமும் நெகிழும் இடமும் திடீரென்று சந்திக்கும் கோட்டில்தான் சேஸிஸ் முறியும். அதே காரணத்துக்காக பிளேட்டின் முனைகளை நேர் வெட்டாக விடாமல் சாய்வாக, சாய்சதுரம் போல வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெல்டு ஓடக்கூடாது. மடிப்பின் ஓரத்தில் வெல்டும் வேண்டாம், துளையும் வேண்டாம்.

ஆர்க் வெல்டிங் என்றால் நன்றாக உலர்த்திய 7018 ராடு (ஹைட்ரஜன் குறைவாக விடும் வகை). ஈரம் ஏறிய ராடு வெல்டுக்குள் ஹைட்ரஜனை விட்டுச் செல்லும். ஆறிய பிறகு விரிசல் விடும். சின்ன மிக் மெஷினில் (கம்பிச் சுருள் ஓட்டி வெல்டு செய்வது) 4 மி.மீ. தகட்டுக்கு வெல்டு மேலே அழகாகப் படியும், உள்ளே பிடித்திருக்காது. அதே தடிமனில் இரண்டு துண்டுகளை ஒட்டி, வளைத்து உடைத்துப் பார்த்த பிறகே சேஸிஸில் கை வையுங்கள். முதலில் டேக் (சிறு புள்ளிகளாகப் பிடித்து வைப்பது), பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக 25 மி.மீ. நீளத்தில் விட்டுவிட்டு அடியுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தொடங்கும் முன் பேட்டரியின் இரு முனைகளையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றுங்கள். டீசல் குழாய், பிரேக் குழாய், டேங்க் எங்கே இருக்கின்றன என்று பார்த்து அப்புறப்படுத்துங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே சேஸிஸில் மாட்டுங்கள். ஆக்சிலில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். கமான் பட்டையை ஈரச் சாக்கு அல்லது வெல்டிங் போர்வையால் மூடிவிடுங்கள். பட்டை பதப்படுத்திய எஃகு. ராடு தவறி அதன்மேல் ஒரு நொடி பட்டாலே ஊசிமுனை அளவுக்கு அந்த இடம் கண்ணாடிபோல் இறுகிவிடும், பட்டை பிறகு அங்கேதான் உடையும்.

புதிய பிராக்கெட்டைப் பொருத்துதல்

பின் நுழையும் துளை நீள்வட்டமாகிவிட்ட பழைய பிராக்கெட்டை வெல்டு நிரப்பி அரம் போட்டுத் திரும்ப மாட்டாதீர்கள். புதியதே போடுங்கள். ரிவெட்டுக்குப் பதில் 10.9 தர (அதிக வலிமையுள்ள) போல்ட் நல்லது, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரிவெட் அடிக்கும்போது பருத்துத் துளையை நிரப்பிவிடும், போல்ட் நிரப்பாது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை விட்டால் பிராக்கெட் நாளடைவில் நகரும். சற்றுச் சிறிதாகத் துளைத்து, ரீமரால் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) 12 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். பழைய ரிவெட் துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டிருந்தால் ஒரு அளவு பெரிய போல்ட்டுக்குப் போக வேண்டும். மரை இல்லாத தண்டுப்பகுதியே பிராக்கெட்டையும் சேஸிஸையும் கடந்து செல்ல வேண்டும். மரை துளைக்குள் உட்கார்ந்தால் அது அரம்போல அரிக்கும். சேஸிஸ் பெட்டி வடிவம் என்றால் துளைக்குள் தடித்த குழாய் செருகி வெல்டு செய்த பிறகே இறுக்குங்கள், இல்லாவிட்டால் சட்டம் நசுங்கும்.

ஒட்டும் இரு முகங்களிலும் ஜிங்க் ப்ரைமர் மெல்லிசாக ஒரு கோட் போதும். பெயின்டைத் தடிமனாக அப்பினால் அது நாளடைவில் நசுங்கி, போல்ட்டின் இறுக்கம் போய்விடும். மேனுவலில் வேறு அளவு இல்லாவிட்டால் 12 மி.மீ., 10.9 போல்ட்டுக்கு 115 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். ஓரங்களில் சீலர், சட்டத்தின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே. தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள்.

பின்னை மாட்டிய உடனே முழுக்க இறுக்காதீர்கள். ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டுதான் வேலை செய்யும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கிய நொடியிலேயே ரப்பர் முறுகிப்போய் நிற்கும், சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் நிற்க, வண்டியின் எடை பட்டையில் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு. பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றியிருந்தால் புதிது போடுங்கள். ஒருமுறை நீண்டது மறுபடி சரியாகப் பிடிக்காது. பட்டைத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின், யூ போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள்.

நீங்களே செய்யலாமா என்று கேட்டீர்கள். சேஸிஸ் நலமாக இருந்து, பிராக்கெட்டையும் போல்ட்டையும் மாற்றும் வேலை மட்டும் என்றால், டார்க் ரென்ச்சும் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) ரீமரும் பொறுமையும் உள்ள யாரும் செய்யலாம். சேஸிஸில் வெல்டு தேவைப்பட்டால் அளவெடுப்பதையும் கழற்றுவதையும் நீங்கள் செய்யுங்கள், வெல்டை மட்டும் நிமிர்ந்த பரப்பில் அடித்துப் பழகியவரிடம் கொடுங்கள். எது செய்தாலும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை டார்க் ரென்ச் வைத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் சேற்றில் போய் வந்து கழுவும்போதெல்லாம் அந்தக் கோடுகள் முறிந்திருக்கின்றனவா என்று குனிந்து ஒரு பார்வை பாருங்கள்.