ஐஸ், கஞ்சா, சொத்தைப் பல்: பல் டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: தம்பிக்கு 26 வயசு, ஐஸ்னு சொல்ற மெத்தாம்பெட்டமைன் போதைப் பழக்கம். முன்பல்லெல்லாம் கறுத்து ஈறோரமா உடையுது. அதுல இருக்கிற ஆசிட்தான் அரிக்குதாமே, டாக்டர்?

பதில்: பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் முதல் குற்றவாளி வறண்ட வாய். அமிலத்தைத் தணித்து, எனாமல் இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுப்பது எச்சில்தான். ஐஸ் எடுத்தால் அது மணிக்கணக்கில் வற்றிவிடும். அந்த நேரம் பார்த்து தாகத்துக்கு கோலாவாகக் குடிப்பார்கள், பல்லை நறநறவென்று கடிப்பார்கள். ரெண்டு நாள் தூங்காதவர் பிரஷ்ஷையா தேடப் போகிறார்? கடைவாய்ப் பல்லின் கன்னத்துப் பக்கமும் முன்பல் இடுக்கும் சேர்ந்து சொத்தையானால் எங்களுக்கே சந்தேகம் வரும். லாஸ் ஏஞ்சலஸில் இந்தப் பழக்கமுள்ள 571 பேரைப் பரிசோதித்து 2015-ல் வெளியான ஆய்வில், 96 சதவீதம் பேருக்குப் பல் சொத்தை வந்திருந்தது. தம்பியைத் திட்டாமல் கூட்டி வாருங்கள்.

கேள்வி: நான் கஞ்சா மட்டும்தான். பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

பதில்: ஆகும். அதிலும் வாய் வறளும். நடுராத்திரிப் பசிக்கு உள்ளே போவது பெரும்பாலும் பிஸ்கட்டும் சாக்லேட்டும்தானே!

கேள்வி: பல் பிடுங்கணும். கோக்கைன் எடுத்ததைச் சொல்லியே ஆகணுமா? வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம்.

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். கோக்கைனோ ஐஸோ உடம்பில் இருக்கும்போது அது சேர்ந்தால் பிரஷர் எகிறும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதனால் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடுவோம். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் கடமை. ‘எதுவும் எடுக்கலை’ என்று பொய் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருபவரை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கேள்வி: போதையை விடறதுக்கு நாக்கடியில வைக்கிற பியூப்ரினார்ஃபின் மாத்திரை தர்றாங்க. பல் கெடும்னு படிச்சேன். நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-ல் அப்படி எச்சரித்தது உண்மை, ஆனால் மருந்தால் வரும் நன்மையே பெரிது என்றும் சொன்னது. மாத்திரை முழுக்கக் கரைந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து பிரஷ் செய்யுங்கள்.

கேள்வி: விட்டு எட்டு மாசமாச்சு. போன பல் திரும்புமா?

பதில்: குழி விழுந்தது தானாக மூடாது. வெள்ளைத் திட்டாக நிற்கும் ஆரம்பச் சொத்தையை ஃபுளோரைடு வார்னிஷ் பூசி நிறுத்தலாம். வேர் உறுதியாக இருந்தால் ரூட் கெனால், கேப். முதலில் சீழ் வைத்த பல்லைக் கவனிப்போம். இம்ப்ளான்ட் பேச்சை ஈறு ஆறியபிறகு வைத்துக்கொள்ளலாம்.