மாண்டரின் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

இப்படிக் கேட்டவர் உப்புத் தண்ணீர்த் தொட்டி போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறார்; மாண்டரின் ஒரு கடல் மீன். அப்படியானால் இப்போதைக்கு வேண்டாம். ஒன்றைப் பட்டினி போட்டுக் கொன்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அதைக் கடையில் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். விரல் நீளம்கூட இருக்காது. நீலத்தில் ஆரஞ்சு நெளிகோடுகள், பழைய சீன அரசு அதிகாரிகள் போட்டிருந்த பட்டு அங்கி மாதிரி. பெயரும் அதனால் வந்ததுதான். இன்னொரு விசேஷம்: மற்ற மீன்களில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் ஒளி சிதறுவதால் வரும் தோற்றம். இதன் தோலில் நிஜமாகவே நீல நிறமி உள்ள செல்கள் இருக்கின்றன. 1995-இல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

இதன் சொந்த ஊர் ஜப்பானின் ரியூக்யூ தீவுகளில் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை உள்ள பவளப்பாறைகள். அங்கே பகல் முழுக்கப் பாறை இடுக்குகளில் தத்தித் தத்திப் போய், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, கோபிபாட் என்ற குட்டிக் கடல் பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதே வேலை. நாம் காலையும் மாலையும் தூவும் பெல்லட்டை, அதாவது உலர்ந்த உருண்டைத் தீனியை, திரும்பிக்கூடப் பார்க்காது.

என் மீனும் அப்படித்தான். "எல்லாம் சாப்பிடும் சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் நம்பினேன். முதல் வாரம் சுறுசுறுப்பாகப் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தது, எனக்கோ ஒரே பெருமை. மூன்றாவது வாரம் மேலிருந்து பார்த்தபோது தலை மட்டும் அகலமாக, அதற்குப் பின்னால் உடம்பு குச்சியாக இருந்தது. வயிறு உள்ளே ஒட்டிப்போயிருந்தது. தொட்டியில் இருந்த பூச்சிகளை இரண்டே வாரத்தில் தின்று தீர்த்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்தாவது வாரம் போய்விட்டது. கடைசி நாள் வரைக்கும் நிறம் துளி மங்கவில்லை, அதுதான் ஏமாற்றுகிறது.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல். வெளிநாட்டு வீடியோக்களில் உயிருள்ள பாறை, அதாவது கடலிலிருந்து எடுத்த பவளக்கல், போடச் சொல்வார்கள், பூச்சிகள் அதோடு வந்துவிடும். இங்கே பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். செயற்கைப் பாறையில் ஒரு பூச்சியும் வராது. நாம்தான் கோபிபாட் கல்ச்சர் (உயிரோடு விற்கும் பூச்சிகள்) வாங்கித் தொட்டியில் விட்டு, அது பெருகுவதற்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டியில் பாசி வளர்த்துக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மீனை வாங்குவதற்கு முன் எட்டு மாதம் காத்திருந்தேன். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகப் பூச்சிகள் ஊர்ந்தால் சரி. ஐந்தாறுதான் தெரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பூச்சிக்குப் போட்டி போடும் சிக்ஸ்லைன் ராஸ் மீனையும் நண்பரிடம் தள்ளிவிட்டேன். கூடவே பெப்சி பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்றுக்குழாய் விட்டு ஆர்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலின் முட்டை பொரிக்கிறேன். ஒரு நாளில் பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுகளை ஊறுகாய் பாட்டிலில் எடுத்து அடியில் சாய்த்து வைத்தால் மீன் தானே உள்ளே போய்த் தின்கிறது. முதல் தடவை உள்ளே போக நான்கு நாள் எடுத்துக்கொண்டது. இப்போது பாட்டில் இறங்குவதற்குள் வந்து நிற்கிறது.

கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன் வயிற்றைப் பாருங்கள். பக்கவாட்டில் குழி விழுந்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பண்ணையில் பிறந்து பெல்லட்டுக்குப் பழகிய மீன் என்று சொன்னால், உங்கள் கண் முன்னால் நாலு பெல்லட் போடச் சொல்லுங்கள். தின்னவில்லையா, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.