ஜெனரேட்டர் ஓடியது, சர்வர்கள் அணைந்தன: மாற்று மின்சாரக் கேள்வி பதில்

கேள்வி: சோதனைக்காக மெயின் சுவிட்சை நிறுத்தினோம். ஜெனரேட்டர் பத்தே விநாடியில் ஓடத் தொடங்கியது. ஆனால் அதுவரை பேட்டரியிலிருந்து மின்சாரம் தரவேண்டிய யூபிஎஸ் நான்கு விநாடிகூடத் தாங்கவில்லை. சர்வர்கள் அத்தனையும் அணைந்தன. பேட்டரி 100 சதவீதம் என்றுதானே திரை காட்டியது?

பதில்: அந்த எண்ணை நம்பாதீர்கள். சார்ஜரோடு இணைந்தே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, உள்ளே தேய்ந்துபோயிருந்தாலும் 13.5 வோல்ட் காட்டக்கூடும். லோடு, அதாவது கருவிகள் இழுக்கும் மின்சாரம், ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்: உள் மின்தடை கூடியிருப்பதால் மின்னழுத்தம் மளமளவென்று சரியும். பெரிய யூபிஎஸ்களில் பேட்டரிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும்; ஒன்று கெட்டால் வரிசையே படுத்துவிடும். அறையின் வெப்பத்தையும் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. லோடு கொடுத்து அளந்து, கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுகிறோம். போதாதா?

பதில்: போதாது. எந்திரம் சூடேறாமல் ஓடினால் எரியாத டீசல் புகைக்குழாயில் கரும்பிசுக்காகத் தங்கும். குறைந்தது 30 சதவீத லோடில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியையும் மறக்காதீர்கள். அவசர நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு அதுவே மிக அடிக்கடி காரணமாகிறது.

கேள்வி: வீட்டுக்கு எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்?

பதில்: என் துறை அல்ல. வீட்டு மின்பணி செய்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் மெயினை நிறுத்திப் பார்ப்பது பொறுப்பற்ற செயல். செர்னோபில் அணு உலை விபத்தே இப்படியொரு சோதனையில்தானே நடந்தது?

பதில்: உண்மைதான். 1986 ஏப்ரல் 26 அன்று நடந்தது அப்படிப்பட்ட சோதனைதான். டீசல் ஜெனரேட்டர்கள் முழு வேகம் எடுக்கும்வரை, சுழற்சி குறைந்துவரும் டர்பைனின் மின்சாரம் உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்குப் போதுமா என்று பார்த்தார்கள். ஆனால் அங்கே நடந்ததை முழுமையாகப் பாருங்கள். சோதனை பல மணி நேரம் தள்ளிப்போய், அதற்குத் தயாராகாத இரவுப் பணியாளர்களிடம் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகள் சிலவற்றை முடக்கியிருந்தார்கள். உலை நிலையற்றுத் தடுமாறியபோதும் நிறுத்தவில்லை. உலையின் வடிவமைப்பிலேயே குறையும் இருந்தது. சோதனையே கூடாது என்பதற்கு இது சான்றாகாது. எந்த நிலையில் கைவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் தொடங்கக் கூடாது என்பதற்குச் சான்று.

கேள்வி: (அதே வாசகர்) போன வருடம் இப்படியொரு சோதனையில் யூபிஎஸ் பேட்டரிகள் கைவிட்டு எங்கள் தரவுகள் போயின. அந்த இழப்புக்கு யார் பொறுப்பு?

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்த பேட்டரிகள் சோதனையால் கெடவில்லை, ஏற்கெனவே கெட்டிருந்தன. உண்மையான மின்வெட்டு நள்ளிரவில் வந்திருந்தால் பக்கத்தில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அன்று தரவைக் காப்புப்பிரதி எடுக்காமல் சுவிட்சைத் தொட்டதுதான் தவறு. அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

கேள்வி: எங்கள் யூபிஎஸ் திரையிலும் 100 சதவீதம். அப்படியானால் பயமில்லையே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். நான்கு பேருக்கும் இதுவே பதில்.

கேள்வி: மின்சாரம் திரும்பியதும் பிரேக்கர் விழுந்துவிட்டது. ஏன்?

பதில்: எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் மின்சாரத்தை இழுத்திருக்கலாம். ஏசி, பம்பு, சர்வர் என்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

கேள்வி: (செர்னோபில் வாசகர்) சரி, ஒரு விடுமுறை நாளில் செய்து பார்க்கிறோம். எதில் தொடங்குவது?

பதில்: காப்புப்பிரதியில். அது திறக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டர் பேட்டரி, டீசல் தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீர். பைபாஸ் சுவிட்சை (யூபிஎஸ்ஸைத் தவிர்த்து மின்சாரத்தை நேராகச் செலுத்தும் சுவிட்ச்) கையாளத் தெரிந்த ஒருவரை யூபிஎஸ் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அவர் வந்து சேரும்வரை மெயின் சுவிட்சில் கை வைக்க வேண்டாம்.