டுவைட்டின் தனித் தொடர் என்ன ஆச்சு?

கேள்வி: ‘தி ஆபீஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் வரும் டுவைட்டுக்குக் கிளைத் தொடர் வருவதாகச் சொன்னார்களே, ஏன் வரவில்லை?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலை நாற்றங்கால். ஒரு இலை, ஒரு கணு வைத்து வெட்டிய துண்டை பாலித்தீன் பையில் நட்டு நிழலில் வைப்பார்கள். மேலே பச்சையாகத்தான் இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் சிலதில் வேரே இருக்காது. டுவைட் கதையும் அதேதான்.

‘தி ஃபார்ம்’ என்ற பெயரில், மூலத் தொடரின் ஓர் எபிசோடாகவே முன்னோட்டத்தை (சேனல் பார்த்து முடிவு செய்ய எடுக்கும் மாதிரி எபிசோடு, ‘பைலட்’) எடுத்தார்கள். தனித் தொடராகாவிட்டாலும் எபிசோடாக ஓட்டிச் செலவை எடுத்துவிடலாம், அதுதான் சூட்சுமம். 2012 அக்டோபரில் என்பிசி சேனல் வேண்டாமென்றது. அப்புறம் கொஞ்சம் மாற்றி 2013 மார்ச்சில் ஒளிபரப்பினார்கள். பீட்ரூட் பண்ணை, சாவு வீடு, சொந்தக்காரக் கூட்டம் எல்லாம் இருக்கிறது. ஆனால் டுவைட்டைச் சீண்ட பக்கத்தில் ஆபீஸ் சகா ஜிம் இல்லையென்றால் பாதிச் சிரிப்பு போய்விடுகிறது (என் கணக்கு).

‘ஸ்டார் டிரெக்’ 1968இலேயே இதே வழியில் கேரி செவன் என்ற பாத்திரத்துக்குத் தனித் தொடர் எடுக்க முயன்று பார்த்தது, நடக்கவில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஆட்கள் நடிகை நவோமி வாட்ஸை வைத்து ஒரு கிளைத் தொடருக்குத் தனியாகவே முன்னோட்டம் எடுத்து, 2019இல் கைவிட்டார்கள். செலவு 3 கோடி டாலருக்கும் மேல். அதை எபிசோடாகக்கூட ஓட்ட வழியில்லை.