விற்பனைப் பக்கத்தில் வாசகத்தை மாற்றினால் பலன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். பாதிப் பேருக்குப் பழைய வாசகம், மீதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதைக் கணினியே குலுக்கிப் போடும். எதில் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணினால் சரி.

இரண்டும் ஒரே சமயத்தில் ஓட வேண்டும். போன மாதம் பழையது, இந்த மாதம் புதியது என்றால், விற்பனை கூடியது வாசகத்தாலா தீபாவளியாலா என்று தெரியாது. எண்ணெயை ஒப்பிட ஒரே மாவில், ஒரே கல்லில் இரண்டு தோசை வார்ப்பது மாதிரிதான்.

ஒபாமாவின் 2008 தேர்தல் பிரசாரத் தளத்தில், பட்டனில் 'மேலும் அறிய' என்ற சொல்லும் குடும்பப் படமும் சேர்ந்த பக்கம், பழையதைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் பேரை மின்னஞ்சல் தந்து பதிவுசெய்ய வைத்தது. குழுவினர் நம்பியிருந்ததோ வீடியோவை!

முதல் நாள் முந்துவதே ஜெயித்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நூறு பேரில் நாலா ஐந்தா என்ற வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.