“வயசானா இப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார்

கேள்வி: அக்கா, எனக்கு 49 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு பாலர் பள்ளியில் சமைக்கிறேன். ஏழு மாதமாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை தீப்பற்றிய மாதிரி எரியும். இரவு மூன்று மணிக்கு நைட்டி நனைந்து எழுந்து, ஃப்ரீசரில் இருக்கும் பரோட்டா பாக்கெட்டைக் கழுத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் சொன்னேன். “வயசானா இப்படித்தான், பொறுத்துக்கோங்க” என்றார்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்கிறார் என் நாத்தனார். நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, அந்தப் பரோட்டா பாக்கெட் வரியைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருடம் தாதியாக இருந்தவள் நான். இது மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் பருவத்தின் அறிகுறி மாதிரி இருக்கிறது. எனக்கு 51 வயதில் இது வந்தபோது நானும் யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடம் வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

இன்றே வீட்டுக் காலண்டரில் எழுத ஆரம்பியுங்கள். வேர்த்த நாளுக்கு ‘வே’, தூங்காத இரவுக்கு ‘தூ’, மாதவிடாய் வந்த நாளுக்கு ஒரு வட்டம். மூன்று வாரம் போதும். “ரொம்பக் கஷ்டமா இருக்கு டாக்டர்” என்றால் மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடாது. “போன வாரம் ஐந்து இரவு தூங்கவில்லை, சூடான எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும்போது தலை சுற்றுகிறது” என்றால் பேனாவை எடுப்பார்.

அந்தத் தாளோடு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள், தப்பில்லை. ‘மெனோபாஸ்’ என்ற சொல்லை நீங்களே முதலில் சொல்லுங்கள். 45 தாண்டியவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவைப்படாது. ஆனால் தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி படுத்தும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கேகே மகளிர் மருத்துவமனையில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அந்தக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம். நேராகப் போனால் செலவு கூடும்.

நாத்தனாரின் பயம் ஆதாரமில்லாதது இல்லை. 2002இல் அமெரிக்காவில் ஹார்மோன் மருந்து பற்றி வந்த பெரிய ஆய்வு முடிவு உலகம் முழுக்கப் பெண்களைப் பயமுறுத்தியது. ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மருந்தைப் பல வருடம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சற்றே கூடுவது உண்மைதான். அறுபதுக்குள் இருந்து, மாதவிடாய் நின்று பத்து வருடம் தாண்டாத, வேறு நோய் இல்லாத பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவர்கள் கருத்து. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொதுவாக ஹார்மோன் கொடுக்க மாட்டார்கள். இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் மறைக்காதீர்கள். மாத்திரைதான் என்றில்லை, தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு, அதில் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு. ஹார்மோனே வேண்டாம் என்றால், மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் குறைந்த அளவில் இந்த எரிச்சலைத் தணிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. மாதவிடாய் முழுதாக ஒரு வருடம் நின்றபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள். பேனா மைக்கு அடியில் படிக்க முடிந்தது. கணவரோடு சேரும்போது வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஹார்மோன் குறையும்போது உள்தோல் காய்ந்து மெலிந்துவிடுவதால் வருவது அது. அந்த இடத்தில் மட்டும் தடவும் ஹார்மோன் கிரீம் இருக்கிறது, நன்றாகக் கேட்கும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்த வரியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். இந்த முறை அடிக்காமல்.